தாபாஸ் தட்டுகளுக்கு ஏற்ற பானங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் பானம் தேர்வது ஓரளவு எளிது; முதன்மையான உணவு எதுவென்று தெரிந்துவிட்டால் அதற்குப் பொருந்தும் ஒரு புட்டியைத் திறந்துவிடலாம். பானத்தோடு பல சிறுதட்டுகளாகப் பண்டங்களைப் பரிமாறும் ஸ்பெயினின் தாபாஸ் மேசையில் அந்த வசதி கிடையாது. உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய், வினிகரில் ஊறிய நெத்திலி, எண்ணெயில் பொரித்தெடுத்த குரோக்கெத்தா உருண்டை, மண்சட்டியில் பூண்டோடு கொதித்தபடி வரும் இறால், ஆண்டுக்கணக்கில் உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடைக்கறி ஆகிய அனைத்தும் அரைமணி நேரத்துக்குள் ஒருவர் வாய்க்குள் போய்விடும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருத்தம் பார்த்தால் மேசையில் தட்டுகளைவிடக் கோப்பைகள் மிகுந்துவிடும்.

ஆகவே தாபாஸுக்கான பானத்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய வேலை வேறு. முந்தைய கவளம் நாக்கில் விட்டுச்சென்ற எண்ணெயையும் உப்பையும் துடைத்துவிட்டு அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக வைப்பதே அதன் முதற்கடமை. இனிப்பில்லாத, குளிர்ந்த, அளவில் சிறிய பானங்களே ஸ்பானியக் கடைகளில் தாபாஸோடு பெரும்பாலும் பரிமாறப்படுவதற்கு இதுவே காரணம். விலையுயர்ந்த, செறிவான, மரவாசனை மிகுந்த சிவப்பு ஒயின்கள் இந்த மேசையில் பலமுறை தோற்றுப்போகின்றன.

படி 1: தட்டில் இருப்பது மீனா இறைச்சியா என்று பார்க்க வேண்டாம்

மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்ற பழைய விதி தாபாஸுக்கு அவ்வளவாக உதவாது. அந்தத் தட்டு நாக்கில் எதை விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதே பயன்தரும். பெரும்பாலான தாபாஸ் வகைகள் உப்பு, எண்ணெய், வினிகர், புகை ஆகிய நான்கில் ஒன்றையோ இரண்டையோ விட்டுச்செல்கின்றன.

உப்பு மிகுந்த பண்டங்கள் துவர்ப்பு குறைந்த, குளிர்ந்த பானத்தைக் கேட்கின்றன. எண்ணெயில் பொரித்தவற்றுக்குப் புளிப்போ நுரையோ வேண்டும். குமிழிகள் நாக்கில் படிந்த கொழுப்பைக் கலைத்துவிடும். வினிகர் சேர்ந்த பண்டத்தோடு மென்மையான, பழச்சுவை மிகுந்த ஒயினைக் குடித்தால் அது சப்பென்று போய்விடும். ஆகவே வினிகருக்கு ஈடுகொடுக்கும் கூர்மை பானத்திலும் இருக்க வேண்டும். எஸ்த்ரெமதூரா பகுதியின் லா வேரா பள்ளத்தாக்கில் ஓக் விறகுப் புகையில் உலர்த்தி அரைக்கப்படும் மிளகாய்த்தூள் சேர்ந்த சொரிசோ என்ற பன்றியிறைச்சிச் சாஸேஜ் போன்ற பண்டங்கள்தாம் சிவப்பு ஒயினுக்கு உண்மையாகவே இடங்கொடுப்பவை.

எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் ஓர் இரும்புச்சுவையும் கவிச்சும் எழுவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். அந்த ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, மீன் எண்ணெயோடு வினைபுரிவதால் அது நேர்கிறது. நெத்திலி, மத்தி, சூரை ஆகியவை தாபாஸ் மேசையில் அடிக்கடி வருவன என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஒயின் என்று முடிவெடுப்பது ஆபத்தானது.

படி 2: ஷெர்ரியிலிருந்து தொடங்குங்கள்

தாபாஸுக்கு ஒரே ஒரு பானத்தைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், நான் தயங்காமல் ஃபினோ வகை ஷெர்ரியைச் சொல்வேன். ஷெர்ரி என்றதும் இனிப்பான, பிசுபிசுப்பான மதுவை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்தலூசியாவில் ஹெரெஸ், சான்லூக்கார் தெ பர்ரமேதா, எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியா என்ற மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணத்தில் முதிர்வது பெரும்பாலும் துளியும் இனிப்பில்லாத ஒயின். அங்குள்ள வெண்ணிறச் சுண்ணாம்பு மண், கோடை முழுவதும் மழைநீரைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு பலோமினோ திராட்சைக் கொடிகளைக் காப்பாற்றுகிறது.

ஃபினோ ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதை அது உருவாகும் விதமே விளக்கிவிடும். ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து அதன் வலிமையை ஏறக்குறைய 15 சதவீதமாக்கி, பீப்பாயை முழுவதும் நிரப்பாமல் மேலே வெற்றிடம் விட்டு வைக்கிறார்கள். ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒன்றுசேர்ந்து வெண்மையான ஆடையாகப் படர்கிறது. இதற்கு ஃப்ளோர் என்று பெயர். இந்த ஆடை காற்று ஒயினைத் தொடாமல் தடுப்பதோடு, அதிலுள்ள மிச்சச் சர்க்கரையையும் வழவழப்பைத் தரும் கிளிசராலையும் உண்டு தீர்த்துவிடுகிறது. எஞ்சுவது வைக்கோல் நிறத்தில், பச்சைப் பாதாம் வாசனையோடு, எலும்பைப் போல் வறண்ட, அதாவது இனிப்பே இல்லாத ஒரு பானம். அதில் வழவழப்பே இல்லாததால் எண்ணெய்ப் பண்டங்களுக்குப் பின் வாய் உடனே தெளிகிறது. இயல்பான புளிப்பும் குறைவுதான் என்பதால் வினிகரோடு அது மோதுவதில்லை, வினிகருக்கு வேண்டிய கூர்மையை அதன் வறட்சியே தந்துவிடும்; ஒயினோடு சேரவே சேராது என்று பெயரெடுத்த கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) தண்ணீர்விட்டானும்கூட (அஸ்பாரகஸ்) ஃபினோவிடம் அடங்கிப்போகின்றன.

சான்லூக்காரில் முதிரும் இதே வகைக்கு மன்சனியா என்று பெயர். கடற்காற்றின் ஈரத்தால் அங்கே ஈஸ்ட் ஆடை ஆண்டு முழுவதும் தடிமனாக நிலைப்பதால் மன்சனியா இன்னும் மெலிதாக, லேசான உவர்ப்போடு இருக்கும். காதிஸ் பகுதியில் கடலைமாவும் கோதுமைமாவும் கலந்து கரைத்து, அதில் பொடிக் கூனி இறாலைப் போட்டு மொறுமொறுவென்று பொரிக்கும் தொர்த்தியீத்தாஸ் தெ கமரோனெஸ் என்ற அடைக்கு இதைவிடச் சிறந்த துணையைக் கண்டுபிடிப்பது கடினம். பொரித்த நெத்திலி, கணவாய் வளையம், உப்பிட்டு வறுத்த பாதாம், ஆலிவ் ஆகியவற்றுக்கும் இதையே ஊற்றலாம். ஓக் மரக் கொட்டைகளைத் தின்று வளர்ந்த பன்றியின் தொடைக்கறியான ஹமோன் இபெரிக்கோ தெ பெயோத்தாவை மெல்லிய சீவல்களாக வைக்கும்போது, அதன் கொழுப்பு அறைச் சூட்டிலேயே உருகத் தொடங்கும். அந்தக் கொழுப்பை எதிர்கொள்ளவும் ஃபினோவே தகுந்தது. அதோடு சிவப்பு ஒயின் கேட்பவர்களுடன் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஷெர்ரி குடும்பம் இத்தோடு நிற்பதில்லை. ஈஸ்ட் ஆடையின் கீழ் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு அந்த ஆடை மறைய, காற்றுப் பட்டு முதிர்வது அமொண்டியாடோ. இது வறுத்த கொட்டைகளின் மணமுள்ளது. பூண்டில் வதக்கிய காளானுக்கும், லா மான்ச்சாவின் செம்மறியாட்டுப் பாலில் செய்து நன்றாக முற்றவைத்த மன்செகோ சீஸுக்கும், சீரகமும் மிளகாய்த்தூளும் சேர்த்து செவில்யாவில் சமைக்கும் பசலைக்கீரை கொண்டைக்கடலைக்கும் இது ஏற்றது. தொடக்கத்திலேயே 17 சதவீதத்துக்கு மேல் வலுவூட்டப்படுவதால் ஈஸ்ட் வளர வழியின்றி, முழுவதும் காற்றிலேயே முதிர்வது ஒலோரோசோ. நெடுநேரம் வேகவைத்த பன்றிக் கன்னக்கறி, மாட்டுவால் போன்ற கனமான தட்டுகளுக்கு அது தாங்கும். நீந்துவதற்கு ஃபினோ, பறப்பதற்கு அமொண்டியாடோ, ஓடுவதற்கு ஒலோரோசோ என்று ஷெர்ரிப் பிரியர்களிடையே ஒரு வழக்குமொழி உண்டு. அது எளிமைப்படுத்தப்பட்டதுதான் என்றாலும், கடைக்காரர் முன் நின்று தடுமாறும்போது கைகொடுக்கும்.

படி 3: பண்டம் எந்த ஊரோ அந்த ஊர்ப் பானத்தைப் பாருங்கள்

ஷெர்ரி தெற்கின் பானம். மலையும் மழையும் நிறைந்த வடக்குக் கடற்கரைக்குப் போனால் உணவும் மாறுகிறது, கோப்பையில் இருப்பதும் மாறுகிறது.

பாஸ்க் நாட்டின் சான் செபாஸ்தியானில் ரொட்டித் துண்டின் மேல் அடுக்கி, குச்சி செருகிய பின்ச்சோ வகைகள் கடை மேடை முழுவதும் நிரம்பியிருக்கும். ஆலிவ், உப்பு நெத்திலி, ஊறவைத்த நீளப் பச்சை மிளகாய் ஆகிய மூன்றையும் ஒரே குச்சியில் கோத்த கில்தா அவற்றில் புகழ்பெற்றது. உப்பு, வினிகர், லேசான காரம் மூன்றும் ஒரே கடியில் வரும் அதற்கு கெத்தாரியா ஊர்ப்பக்கம் விளையும் சாக்கோலி ஒயின் சரியான இணை. 11 சதவீதத்தை ஒட்டிய வலிமையும், எலுமிச்சை போன்ற புளிப்பும், நாக்கில் சுருக்கென்று தைக்கும் சிறு குமிழிகளும் அதன் இயல்புகள். அகன்ற கோப்பையில் சற்று உயரத்திலிருந்து ஊற்றி அந்தக் குமிழிகளை எழுப்புவது வழக்கம்.

அஸ்தூரியாஸில் ஒயினைவிட ஆப்பிள் மதுவுக்கே மதிப்பு அதிகம். சித்ரா எனப்படும் இது 5 அல்லது 6 சதவீத வலிமையுள்ளது. அந்த மண்ணின் சித்ராப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊற்றுபவர் புட்டியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, மறுகையில் இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கோப்பையின் விளிம்பில் மெல்லிய தாரையாக விழச்செய்வார். வேடிக்கைக்காகச் செய்வது போலத் தெரிந்தாலும், காற்றும் மோதலும் சேர்ந்து அடங்கிக் கிடக்கும் வாயுவை எழுப்பி மணத்தை விடுவிப்பதே அதன் நோக்கம். இரண்டு விரற்கடை அளவே ஊற்றுவார்கள். உடனே ஒரே மடக்கில் குடித்து, கடைசிச் சொட்டைக் கோப்பையின் விளிம்பு கழுவத் தரையில் சிந்திவிட வேண்டும். சித்ராவிலேயே வேகவைத்த சொரிசோவும், மலைக்குகைகளில் முதிரும் காப்ராலெஸ் நீலச் சீஸும் இதன் தோழர்கள். வீட்டில் தலைக்கு மேலிருந்து ஊற்றிப் பார்க்க விரும்புவோர் குளியலறைத் தொட்டியருகே பயிற்சி செய்வது நல்லது.

மேற்கே கலீசியாவில் ஆக்டோபஸை வேகவைத்துத் துண்டாக்கி, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவி மரத்தட்டில் தருவார்கள். 1988 முதல் தனிப் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றுள்ள ரியாஸ் பைஷாஸ் பகுதியின் அல்பரிஞ்ஞோ ஒயின், கடலோர விளைச்சலுக்குரிய புளிப்போடும் உவர்ப்போடும் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. மட்டி, சிப்பி, நண்டு எதுவானாலும் அல்பரிஞ்ஞோவை நம்பலாம். எனினும் உள்ளூர்ச் சந்தைகளில் அதே ஆக்டோபஸோடு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் இளம் சிவப்பு ஒயினைக் குடிப்பவர்களையும் காணலாம். ஊர்ப் பழக்கத்தின் முன் விதிகள் நிற்பதில்லை.

கிழக்கே காத்தலோனியாவில் சான் சதுர்னி தனோயாவில் 1872 முதல் காவா தயாராகிறது. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துக் குறைந்தது 9 மாதம் முதிரவைத்த நுரை ஒயின் இது. தாபாஸுக்கு வாங்கும்போது ‘புரூட் நாதூரே’ அல்லது ‘புரூட்’ என்று எழுதிய புட்டியையே எடுங்கள். முன்னதில் ஒரு லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரையே இருக்கும். குரோக்கெத்தா, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தொர்த்தியா, மயோனைஸில் பிசைந்த ருஷ்யச் சாலட் என எதிர்பாராமல் எது வந்தாலும் காவா சமாளித்துவிடும். ஷெர்ரியின் வாசனை பிடிக்காத விருந்தினர் இருந்தால் அந்த இடத்தைக் காவாவுக்குக் கொடுங்கள்.

படி 4: சிவப்பு ஒயினைக் கடைசிப் பாதிக்கு ஒதுக்குங்கள்

ஒயினுக்குப் பேர்போன வட ஸ்பெயின் பகுதியான ரியோஹாவின் தலைநகர் லொக்ரோஞ்ஞோவில் லவுரெல் தெரு முழுவதும் தாபாஸ் கடைகள். பூண்டு எண்ணெயில் சுட்ட காளான்களை ரொட்டியின் மேல் அடுக்கி, உச்சியில் ஓர் இறாலைக் குத்தித் தரும் தட்டு அங்கே பெயர்பெற்றது; அதோடு சிறு கோப்பையில் வருவது இளம் ரியோஹா ஒயின். தாபாஸுக்குச் சிவப்பு ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கோப்பையே விடை: இளமையானது, துவர்ப்புக் குறைந்தது, சற்றே குளிர்ந்தது.

புட்டியின் மேலுள்ள சொற்கள் இதைத் தேர உதவும். ரியோஹாவில் ‘கிரியான்சா’ என்றால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ‘ரெசர்வா’ 3 ஆண்டு. ‘கிரான் ரெசர்வா’ 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயில். ஆண்டுகள் கூடக்கூட விலையும் ஏறும், தாபாஸோடு பொருந்தும் வாய்ப்போ குறையும். இறைச்சி உருண்டை, சொரிசோ, இரத்தச் சாஸேஜான மொர்சீயா ஆகியவற்றுக்குக் கிரியான்சா போதும். மேசையில் மீனும் இறைச்சியும் கலந்தே இருக்குமென்றால் நவார்ராவின் கார்னாச்சா திராட்சையில் செய்யும் ரொசாதோ என்ற இளஞ்சிவப்பு ஒயின் நடுவழியாக அமையும். அதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 5: நேரத்தையும் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு முன் மாத்ரித்திலும் பார்சலோனாவிலும் வெர்முத் குடிக்கும் வேளை உண்டு. கசப்பு மூலிகைகளும் மசாலாக்களும் ஊறிய, லேசாக இனிக்கும் ஒயின் இது. காத்தலோனியாவின் ரெயுஸ் நகரம் இதற்குப் பேர்போனது. பனிக்கட்டி, ஆரஞ்சு வில்லை, ஓர் ஆலிவ், விரும்பினால் ஒரு பீய்ச்சுச் சோடா என்று தருவார்கள். உப்பான, புளித்த சிறுதீனிகளுக்கே இது ஏற்றது: வினிகர் நெத்திலி, தகர டப்பாவில் வரும் சிப்பி, உருளைக்கிழங்கு வறுவல். கனமான தட்டுகள் வரத் தொடங்கியதும் வெர்முத்தை நிறுத்திவிட வேண்டும்.

பீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெயினில் தாபாஸோடு மிகப் பரவலாகக் காணப்படுவது அதுவே. காஞ்ஞா என்ற ஏறக்குறைய 200 மில்லிலிட்டர்க் கோப்பையில் ஊற்றுவதன் பொருள், சூடேறும் முன் தீர்ந்துவிட வேண்டும் என்பதே. கிரனாதாவில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சிறுதட்டு இலவசமாக வருவதால் சிறிய கோப்பை இருவகையில் இலாபம். பீரில் எலுமிச்சைச் சோடா கலந்தால் கிளாரா.

கோடையில் சங்ரியாவைத் தேடுபவர்களுக்கு நான் தின்தோ தெ வெரானோவைப் பரிந்துரைப்பேன். விலை குறைந்த சிவப்பு ஒயினும் இனிப்புக் குறைந்த எலுமிச்சைச் சோடாவும் சரிபாதி, நிறையப் பனிக்கட்டி, அவ்வளவுதான். பழத்துண்டுகளும் சர்க்கரையும் பிராந்தியும் சேர்ந்த சங்ரியாவின் இனிப்பு, உப்பும் பூண்டும் சேர்ந்த பண்டங்களை மழுக்கிவிடும். செவில்யாவின் ஏப்ரல் திருவிழாவில் மன்சனியாவோடு எலுமிச்சைச் சோடா கலந்து குடிக்கும் ரெபுஹீத்தோவும் வெயிலுக்கு உகந்தது.

படி 6: மது அருந்தாதவருக்கும் அதே அக்கறையோடு தேர்ந்தெடுங்கள்

மது வேண்டாம் என்பவர் கையில் ஒரு கோலாவைத் திணித்துவிட்டு ஒதுங்கும் பழக்கம் ஸ்பானியக் கடைகளில் இல்லை. மோஸ்தோ என்ற நொதிக்காத திராட்சைச் சாற்றை, வெர்முத்தைப் போலவே பனிக்கட்டி, ஆரஞ்சு, ஆலிவோடு அலங்கரித்துத் தருவார்கள். அது இனிப்பானது என்பதால் ஹமோன், முற்றிய சீஸ், ஆலிவ் போன்ற உப்புப் பண்டங்களுக்கு மட்டும் துணையாக்குங்கள். சிவந்த நிறமும் கசப்புச் சுவையும் உள்ள மதுவில்லா பித்தர் பானங்களும் உண்டு. அவை வெர்முத்தின் இடத்தை நிரப்பும். பொரித்தவற்றுக்கு மதுவில்லா பீரே மிகச் சிறந்தது, ஏனெனில் நுரையும் கசப்பும் அதில் குறைவின்றி உண்டு. ‘உனா சின்’ (மது இல்லாமல் ஒன்று) என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் இவை கிடைக்காவிட்டால் சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து சிட்டிகை உப்பிட்டால் போதும். முதற்படியில் சொன்ன புளிப்பும் நுரையும் அதில் அமைந்துவிடுகின்றன. வாலென்சியாவின் கோரைக்கிழங்குப் பாலான ஒர்ச்சாத்தாவை மட்டும் தாபாஸோடு வைக்காதீர்கள். அது மாலைச் சிற்றுண்டிக்கும் இனிப்பு ரொட்டிக்கும் உரியது.

படி 7: முரண்டு பிடிக்கும் தட்டுகள்

பத்தாத்தாஸ் பிராவாஸ் எனப்படும் காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, நம் நாக்குக்குக் காரமாகவே தோன்றாது. இருந்தாலும் மிளகாயின் எரிச்சலை மதுவின் வலிமை கூட்டும் என்பதால் 15 சதவீத ஃபினோவைவிட பீரோ சித்ராவோ அங்கு நலம். பூண்டு இறாலுக்கு ருவேதாவின் வெர்தேஹோ ஒயின் நன்றாக இருக்கும். அதன் பச்சிலை வாசனை பூண்டோடு ஒத்துப்போகிறது. தக்காளியும் ரொட்டியும் அரைத்த கோர்தோபாவின் சல்மொரேஹோவுக்கு அருகிலுள்ள மொன்தில்யாவின் ஃபினோவை எடுக்கலாம். அங்கே பெட்ரோ ஹிமெனெஸ் திராட்சை வெயிலில் நன்கு பழுப்பதால் சாராயம் சேர்க்காமலே தேவையான வலிமை வந்துவிடுவது உண்டு. கரும்புப் பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காய்க்கு எனக்குப் பிடித்த விடை அமொண்டியாடோதான், ஆனால் சற்று இனிப்புள்ள காவாவும் தோற்காது.

படி 8: வீட்டு மேசைக்கு வாங்குவதும் பரிமாறுவதும்

ஆறு பேருக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு புட்டி ஃபினோ, ஒரு புட்டி காவா, ஒரு புட்டி இளம் ரியோஹா, அரைப் புட்டி அமொண்டியாடோ, தேவைக்கேற்ப மதுவில்லா பீர், நிறையத் தண்ணீர் போதும். ஃபினோ வலிமை கூடியது என்பதால் ஒருமுறைக்கு 75 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். அந்தக் கணக்கில் 750 மில்லிலிட்டர்ப் புட்டி பத்துக் கோப்பை வரும். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே தண்ணீர் வைப்பதும், பானத்தை ஒருபோதும் தட்டில்லாமல் நீட்டாமல் இருப்பதும் ஸ்பானியரின் நல்ல பழக்கங்கள்.

குளிர்ச்சியில் கவனம் தேவை. ஃபினோவும் காவாவும் 6 முதல் 8 பாகை செல்சியஸ், அல்பரிஞ்ஞோ 8 முதல் 10, அமொண்டியாடோ 12 முதல் 14 வரை இருக்கலாம். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வைப்பது வெப்ப நாடுகளுக்குப் பொருந்தாத அறிவுரை. பரிமாறுவதற்கு அரைமணி முன் குளிர்பெட்டியில் வைத்து 15 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஷெர்ரிக்கென்று விற்கும் குறுகிய சிறு கோப்பைகளில் மணம் அடைபட்டுப் போவதால், சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக ஊற்றுவதே மேல்.

வரிசை எளிது: ஆலிவ், பாதாம், நெத்திலியோடு ஃபினோ, பொரித்தவை வரும்போது காவா, காளானும் சீஸும் வரும்போது அமொண்டியாடோ, சொரிசோவும் இறைச்சி உருண்டையும் வரும்போது ரியோஹா. திறந்த ஃபினோவை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதன் புத்துணர்வு அதற்குமேல் தங்காது. அமொண்டியாடோ இரண்டு மூன்று வாரம் தாங்கும். காய்ந்த திராட்சையில் செய்து கருமையாய்ப் பாகுபோல் ஓடும் பெட்ரோ ஹிமெனெஸ் இனிப்பு ஷெர்ரி ஒரு மாதத்துக்கு மேலும் கெடாது. அதை வாங்கி வைத்திருந்தால் நீலச் சீஸோடு ஒரு சிறு கோப்பை கொடுங்கள், மீதியை வெனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றிப் பரிமாறலாம்.